சத்தம் கூடிருச்சு, சரி... பவர் கூடுச்சா?

சைலன்சர் மாத்தின யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "மச்சி, வண்டி சும்மா பறக்குது!" எவ்வளவு பறக்குதுன்னு கேட்டா பதில் இருக்காது. ஸ்லிப்-ஆன் எக்ஸாஸ்ட், ஃப்ரீ ஃப்ளோ ஃபில்டர், ஈசியூ ரீமேப் என்று ஆயிரக்கணக்கில் காசு இறங்குகிற விஷயம் இது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்தப் "பறக்குது"வை ஒரு நம்பராக மாற்றத் தெரிய வேண்டாமா? இந்தப் பாடம் அதற்குத்தான்.

காது ஏன் ஏமாத்துது?

சத்தம் 10 டெசிபல் கூடினால் நம்ம காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் சக்கரத்துக்குப் போகிற பவர் அப்படியே இருக்கலாம். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. நடு ஆர்.பி.எம்-ல் டார்க் கொஞ்சம் இறங்கி, மேலே போனதும் பழைய நிலைக்கு ஏறினால், அந்த ஏற்றத்தை நம்ம உடம்பு "பிக்கப்" என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் நடுவில் இருந்ததை நாம் இழந்திருப்போம்.

எக்ஸாஸ்ட் என்ன வேலை செய்யுது?

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் அகலமாகும் இடத்தில் அது குறை அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதுக் காற்றை உள்ளே வரவைக்கும். சூடான வாயுவில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். குழாயின் நீளம் மாறாது, ஆனால் வால்வு திறந்திருக்கும் நேரம் ஆர்.பி.எம்-மைப் பொறுத்து மாறும். அதனால் ஒரு எக்ஸாஸ்ட் எல்லா ஆர்.பி.எம்-லும் லாபம் தராது; ஓரிடத்தில் கொடுத்தால் இன்னோரிடத்தில் எடுக்கும். "எவ்வளவு கூடுச்சு" என்பதோடு "எந்த ஆர்.பி.எம்-ல்" என்றும் சேர்த்தே கேட்கணும்.

கயிற்றிலிருந்து ரோலருக்கு

தெர்மல் லேப்பில் ட்ரம்மில் கயிறு சுற்றி, ஸ்பிரிங் பேலன்ஸில் ரீடிங் எடுத்தோமே, அதுவும் டைனமோமீட்டர்தான். பைக்குக்கான சேசிஸ் டைனோவில் பின் சக்கரம் ஒரு கனமான ரோலரைச் சுற்றும். ரோலர் எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து பவர் கணக்காகும்.

பவர் (கிலோவாட்) = டார்க் (நியூட்டன் மீட்டர்) × ஆர்.பி.எம் ÷ 9549

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுப்போம். கம்பெனி சொல்வது 4000 ஆர்.பி.எம்-ல் 27 நியூட்டன் மீட்டர். போட்டுப் பார்த்தால் 11.3 கிலோவாட். ஆனால் அதிகபட்ச பவர் சுமார் 14.9 கிலோவாட், அது வருவது 6100-ல். அங்கே டார்க் 23 சொச்சம்தான். தினமும் ஊருக்குள் ஓட்டுகிறவர் 6100-க்கு எத்தனை தடவை போவார்? அதனால் உச்சிப் புள்ளியை மட்டும் பார்க்காமல், முழு வளைவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கம்பெனி நம்பர் கிராங்கில் எடுத்தது. டைனோ நம்பர் சக்கரத்தில் எடுத்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் மூன்றும் நடுவில் கொஞ்சம் தின்றுவிடும். இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

வெயிலும் கணக்கில் வரும்

காலையில் 25 டிகிரியில் ஸ்டாக் ரன், மதியம் 38 டிகிரியில் மாற்றிய சைலன்சர் ரன் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி மட்டுமே சுமார் 4 சதவீதம் குறைந்திருக்கும். இதைச் சரிசெய்யத்தான் எஸ்.ஏ.இ ஜே1349 என்ற திருத்தக் காரணி இருக்கிறது. 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர் காற்று அழுத்தம் அதன் அடிப்படை. மேலே சொன்ன வெப்ப வித்தியாசத்துக்கு மட்டும் அது சுமார் 2.5 சதவீதம் திருத்தம் தரும். ஒரு ஸ்லிப்-ஆன் தரக்கூடிய லாபமே சில சமயம் அவ்வளவுதான் இருக்கும்!

ஸ்டாக், மாற்றம், மறுபடி ஸ்டாக்

இந்தப் பாடத்தின் உயிர் இதுதான். முதலில் ஸ்டாக்கில் 3 ரன், சைலன்சர் மாற்றி 3 ரன், திரும்ப ஸ்டாக் போட்டு 3 ரன். ஒரே கியர், ஒரே டயர் காற்று, ஒரே இன்ஜின் சூடு, வண்டியைக் கட்டும் பட்டையின் இறுக்கமும் ஒன்றாகவே இருக்கணும். கற்பனையாக ஒரு அட்டவணை, எல்லாம் கிலோவாட்டில்:

ஸ்டாக்: 13.0, 13.2, 12.9
மாற்றியது: 13.3, 13.1, 13.4
மறுபடி ஸ்டாக்: 13.2, 13.0, 13.3

விற்கிறவர் 12.9-ஐயும் 13.4-ஐயும் மட்டும் எடுத்து "4 சதவீதம் கூடிருச்சு" என்பார். நாம் சராசரி எடுப்போம். ஸ்டாக் 13.1, மாற்றியது 13.27. லாபம் 1.3 சதவீதம். ஆனால் ஸ்டாக் ரன்களுக்குள்ளேயே 12.9-லிருந்து 13.3 வரை, அதாவது 3 சதவீதம் ஆட்டம் இருக்கிறது. ஆக, லாபம் இருக்குன்னு இந்த டேட்டாவை வைத்துச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னும் ரன் வேணும். கடைசி ஸ்டாக் ரன் எடுக்காமல் விட்டிருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

டைனோ கிடைக்கலைன்னா?

60-லிருந்து 80 கி.மீ வேகம் எடுக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 265 கிலோ என்றால், இந்த வேக மாற்றத்துக்கு வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 28,600 ஜூல். 4.0 வினாடியில் எடுத்தால் சராசரி 7.2 கிலோவாட், 3.9 வினாடி என்றால் 7.3. அதாவது 0.1 வினாடிக்கே 2.5 சதவீதம் மாறும். கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கினால் வரும் பிழையே அதைவிடப் பெரிது. பெரும்பாலான போன் ஜிபிஎஸ் வினாடிக்கு ஒரு தடவைதான் ரீடிங் தரும், அதுவும் பத்தாது. வினாடிக்கு 10 அல்லது 25 ரீடிங் தரும் லாகர் வேண்டும். காற்றின் திசையை ஈடுகட்ட இரண்டு பக்கமும் ஓட்டணும். இதையெல்லாம் செய்ய இடம் கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் மாதிரி மூடிய டிராக்தான். ஹைவேயில் வேண்டாம், அங்கே போகிற மற்றவர்கள் உங்க எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வந்தவர்கள் இல்லை.

காசு கொடுக்கும் முன்...

கலவையையும் பார்க்கணும். காற்று அதிகம் போய் பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால் கலவை மெலியும். முழு த்ராட்டிலில் ஆக்ஸிஜன் சென்சாரின் திருத்தம் பொதுவாக வேலை செய்யாது. ஈசியூ தன் பழைய மேப்பையே நம்பும். பவருக்கு ஏற்ற காற்று-பெட்ரோல் விகிதம் சுமார் 12.5 முதல் 13. டைனோவில் வைட்பேண்ட் சென்சார் போட்டு அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீண்ட நேரம் முறுக்கி ஓட்டும்போது வால்வும் பிஸ்டனும் அளவுக்கு மீறிச் சூடாகும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் பொல்யூஷனும் கூடும், மோட்டார் வாகனச் சட்டமும் குறுக்கே வரும்.

அடுத்த தடவை யாராவது "பவர் ஏறிருச்சு" என்றால் நாலே கேள்வி கேளுங்க: எந்த ஆர்.பி.எம்-ல்? எத்தனை ரன்? என்ன வெயில்? மறுபடி ஸ்டாக் போட்டுப் பார்த்தியா? நாலுக்கும் பதில் வந்தால் தாராளமா நம்பலாம். வரலைன்னா, கூடினது சத்தம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு பர்ஸை உள்ளேயே வையுங்க.