சாண்டோ பனியனும் புரத டப்பாவும்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கையில்லாத பனியன் வாங்கப் போனால் என்ன சொல்லிக் கேட்பீர்கள்? "சாண்டோ பனியன் கொடுங்கள்" என்பீர்கள். சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் அப்படித்தான். சாண்டோ என்பது துணியின் பெயரா? ஊரின் பெயரா? இரண்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

யூஜின் சாண்டோ 1867-இல் ஜெர்மானியப் பகுதியான பிரஷ்யாவில் பிறந்தவர். லண்டன் மேடைகளில் பளு தூக்கியும் தன் தசைகளைக் காட்டியும் பெரும் புகழ் பெற்றார். 1901-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியையே முதல் பெரிய ஆணழகன் போட்டி என்கிறார்கள். 1904-05-இல் அவர் இந்தியாவுக்கும் வந்து போனார். அதன் பிறகு நம் பயில்வான்கள் அவர் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டனர். திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் இருப்பதும் இந்தச் சாண்டோதான்.

இவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாலிலிருந்து எடுத்த 'பிளாஸ்மான்' என்ற புரத மாவின் விளம்பரங்களில் சாண்டோ தோன்றினார். பின்னர் தன் பெயரிலேயே 'உடல்நல, வலிமைக் கோகோ' என்ற பான மாவையும் விற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கோகோ வியாபாரம் நொடித்துப் போயிற்று. ஆனால் அந்த விற்பனை முறை இன்றும் நொடிக்கவில்லை. திரண்ட தோளுடன் ஒரு நடிகரோ விளையாட்டு வீரரோ நிற்பார். பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். "இதனால்தான் அது" என்று நம் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

அந்த முடிச்சு சரியா? அறிவியல் முறையில் அவிழ்த்துப் பார்ப்போம்.

முன்னது எது, பின்னது எது?

காரணம் முன்னால் வரும். விளைவு பின்னால் வரும். விதைக்கும் முன்பே கதிர் முற்றுவதில்லை. சாண்டோ லண்டனில் புகழ் பெற்ற ஆண்டு 1889. பிளாஸ்மான் மாவு பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது 1900-ஐ ஒட்டி. அப்படியானால் அந்த உடலை அந்த மாவு உண்டாக்கியிருக்க முடியுமா? முடியாது. உடல் முதலில் வந்தது; புகழ் அடுத்து வந்தது; டப்பா கடைசியாக வந்தது.

இனி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். இவர் இந்த மாவைத் தின்று இப்படி ஆனாரா? அல்லது இப்படி இருப்பதால் மாவை விற்க அழைக்கப்பட்டாரா?

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வங்காளத்தில் 1912-இல் பிறந்தவர் மனோகர் ஐச். உயரம் ஐந்து அடிகூட இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் சிறையில் இருந்தபோதும் உடற்பயிற்சியை விடவில்லை. 1952-இல் லண்டனில் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால் ஆகியவையே தம் உணவு என்று சொல்லி வந்தார். 2016-இல், 104 வயதில் மறைந்தார்.

"பார்த்தீர்களா, சோறும் பருப்பும் போதும் என்பதற்கு இதுவே சான்று" என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது! ஒரே ஒரு மனிதரை வைத்து மாவு நல்லது என்று சொல்வது தவறென்றால், ஒரே ஒரு மனிதரை வைத்து மாவு வேண்டாம் என்று சொல்வதும் தவறுதான். அப்படியானால் எப்படித்தான் அறிவது?

சோதனை செய்வது எப்படி?

ஒரே வயதுடைய பலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். இரு குழுவுக்கும் ஒரே பயிற்சி. ஒரு குழுவுக்குப் புரத மாவு. மற்றதற்கு அதே நிறமும் சுவையும் உள்ள, புரதம் இல்லாத மாவு. யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக் கூடாது. அளந்து பார்ப்பவருக்கும் தெரியக் கூடாது. சில வாரங்கள் கழித்து இரு குழுவினரின் தசை எடையையும் ஒப்பிட வேண்டும்.

உலகில் இத்தகைய சோதனைகள் பல நடந்துள்ளன. அவற்றில் 49 சோதனைகளை, மொத்தம் 1,863 பேரின் அளவுகளை, ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளிவந்தது. தசையைப் பெருக்கியதில் பெரும்பங்கு பயிற்சிக்கே. கூடுதலாகச் சேர்த்த புரதத்தால் கிடைத்தது சராசரியாகச் சுமார் 0.3 கிலோதான். மேலும், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்தைத் தாண்டியபின், இன்னும் சேர்ப்பதால் கூடுதல் பயன் தெரியவில்லை. பயன் பூஜ்யம் அல்ல. ஆனால் விளம்பரப் படம் காட்டும் மலையும் அல்ல.

தசை எப்படிப் பெருக்கிறது?

நம் தசைகள் நூல் போன்ற இழைகளால் ஆனவை. பயிற்சியால் இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை. ஒவ்வோர் இழையும் தடிக்கிறது. பளுவைத் தூக்கும்போது இழைகள் இழுவிசைக்கு உள்ளாகின்றன. அந்த இழுவிசையே 'இன்னும் வலுவாகக் கட்டு' என்ற செய்தி. அதன்பின் ஒன்றிரண்டு நாட்கள் வரை இழைக்குள் புரதம் கட்டும் வேலை விரைவாக நடக்கிறது. உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களே அதற்குச் செங்கல்.

கொத்தனார் இல்லாமல் செங்கல் லாரி மட்டும் வந்து நின்றால் வீடு எழும்புமா? எழும்பாது. பயிற்சிதான் கொத்தனார். மிஞ்சிய செங்கலை உடல் அடுக்கி வைப்பதும் இல்லை. மிகையான அமினோ அமிலங்களிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. எஞ்சியது எரிபொருளாக எரிகிறது அல்லது கொழுப்பாகிறது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தக் கூடுதல் சுமை கேடு செய்யும்.

கரும்பு வெட்டிக் கட்டி லாரியில் ஏற்றும் தொழிலாளியின் தோளைப் பாருங்கள். கல்வராயன் மலைச்சரிவில் சுமையோடு ஏறி இறங்குவோரின் கெண்டைக்காலைப் பாருங்கள். அவை வேலையால் உருவானவை. ஆனால் வேலை மட்டும் இருந்து, வயிறார உணவும் ஓய்வும் இல்லையென்றால் உடல் தேய்ந்துவிடும். உழைப்பு, உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உடல் வலுவடையும்.

நம் தட்டில் எவ்வளவு புரதம்?

13 முதல் 15 வயதுள்ள, சுமார் 50 கிலோ எடையுள்ள பையனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் தேவை. அதே வயதுப் பெண்ணுக்கு 43 கிராம். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட கணக்கு. இது கிடைக்கிறதா என்று கூட்டிப் பார்ப்போம்.

அரிசி 300 கிராம் — 24 கிராம் புரதம்
துவரம்பருப்பும் உளுந்தும் சேர்ந்து 75 கிராம் — 17 கிராம்
ஒரு முட்டை — 6 கிராம்
வேர்க்கடலை 30 கிராம் — 7 கிராம்
பால் அல்லது தயிர் 200 மில்லி — 6 கிராம்
மொத்தம் — 60 கிராம்

போதுமானதற்கு மேலேயே இருக்கிறது! அந்த முட்டை பள்ளிச் சத்துணவிலேயே கிடைப்பது. உளுந்தோ, நம் மாவட்டத்திலுள்ள உளுந்தூர்ப்பேட்டையின் பெயரிலேயே இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்கிறது. இட்லி மாவை அரைத்த நம் முன்னோர் அமினோ அமிலம் பற்றிப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் சேர்க்கை சரியாக அமைந்துவிட்டது. மலையில் விளையும் சாமையிலும் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. அரிசியில் இருப்பது 8 கிராம்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பல வீடுகளில் தட்டு நிறையச் சோறு இருக்கும்; குழம்பில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். 400 கிராம் அரிசி மட்டும் தின்றால் 32 கிராம் புரதமே கிடைக்கும். இது உண்மையான குறைபாடு. ஒரு கைப்பிடி கடலை, ஒரு கரண்டி பருப்பு, ஒரு முட்டை கூடினால் இந்தக் குறை தீரும். டப்பாவுக்குத் தரும் பணம் இவற்றுக்கான பணத்தைத் தின்றுவிடக் கூடாது.

டப்பாவுக்குள் என்ன?

எலுமிச்சைச் சாறு விட்டுப் பாலைத் திரித்தால் கட்டி ஒரு பக்கமும் இளமஞ்சள் நீர் ஒரு பக்கமும் பிரியும் அல்லவா? பாலாடைக்கட்டி ஆலைகளில் இப்படிப் பிரியும் நீரைப் பல காலம் கழிவாகக் கொட்டினார்கள். அதை வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்கியதுதான் 'வே' புரதம். பால் புரதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதுவே. தரமான புரதம்தான், மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் டப்பாவில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா? இந்தியாவில் விற்கப்படும் 36 புரத மாவுகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளியாயிற்று. சுமார் 70 சதவீத மாவுகளில் புரத அளவு எழுதியபடி இல்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. 14 சதவீத மாவுகளில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின் தென்பட்டது. 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் சுவடும் இருந்தது. (சரியாகக் காயாமல் பூசணம் பிடித்த வேர்க்கடலையிலும் இதே நஞ்சு உண்டு. அப்படிப்பட்ட கடலையைத் தின்னாதீர்கள்.) உடலைப் பெருக்க இத்தகைய மாவுகளைத் தவிர்க்கும்படி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் கூறுகிறது.

சட்டமும் சும்மா இல்லை. 2022 ஜூன் மாதம் வந்த மத்திய விதிகளின்படி, விளம்பரத்தில் தோன்றுபவர் அந்தப் பொருளைப் பற்றிப் போதிய விவரம் அறிந்தே பேச வேண்டும். நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. விளம்பரத்தில் தோன்றவே தடை விதிக்கவும் முடியும்.

அப்படியானால் உடற்கட்டு நல்லதா, கெட்டதா?

வலுவூட்டும் பயிற்சி நல்லது. உங்கள் வயதினர் தினமும் ஒரு மணி நேரமாவது உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும்; வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்டால், பஸ்கி, கபடி, சிலம்பம், மரமேறுதல் எதுவும் ஆகலாம். பளு தூக்குவதானால் பயிற்சியாளர் மேற்பார்வையில் சிறிய எடையில் தொடங்க வேண்டும்.

மேடைக்காக உடலை எல்லை கடந்து வருத்துவது வேறு கதை. தோலுக்கடியில் நரம்பு தெரிய வேண்டுமென்று தண்ணீரைக் குறைப்பார்கள். சிலர் அனபாலிக் ஸ்டீராய்டு மருந்தைப் போட்டுக்கொள்வார்கள். வளரும் வயதில் இந்த மருந்து எலும்பின் வளர்முனைகளை முன்கூட்டியே மூடிவிடும், உயரம் நின்றுபோகும். விரை சுருங்கும், கல்லீரலும் இதயமும் கெடும். போட்டிகளில் பங்கேற்ற 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பற்றிய ஆய்வொன்று 2025-இல் வெளிவந்தது. தொழில்முறைப் போட்டியாளருக்குத் திடீர் இதய மரண ஆபத்து மற்றப் போட்டியாளர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. ஆகவே பயிற்சிக்கூடத்தில் யாராவது "ஊசி ஒன்று போட்டால் சீக்கிரம் ஏறும்" என்றால், அங்கிருந்து வெளியேறுங்கள். வீட்டிலும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. நேற்றுக் காலை முதல் இரவு வரை நீங்கள் உண்டதை எழுதுங்கள். மேலே உள்ள பட்டியலைக் கொண்டு புரதத்தைக் கூட்டுங்கள். 45-ஐத் தொடுகிறதா?

2. கடையில் ஒரு புரத டப்பாவைப் பாருங்கள். ஒரு கரண்டியில் உள்ள புரதத்தையும் மொத்தக் கரண்டிகளையும் பெருக்குங்கள். டப்பாவின் விலையை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிராம் புரதத்தின் விலை கிடைக்கும்.

3. உளுந்து, வேர்க்கடலை, முட்டை ஆகியவற்றுக்கும் உங்கள் ஊர் விலையில் இதே கணக்கைப் போடுங்கள். உளுந்தில் 100 கிராமுக்குச் சுமார் 23 கிராம், வேர்க்கடலையில் சுமார் 24 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் என்று கொள்ளுங்கள்.

மூன்று விடைகளையும் வகுப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். விளம்பரத்தில் இல்லாத ஒரு செய்தி அதில் தெரியும்.