உறையும் நீரும் உடையும் குழாயும்

ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கு நீர் உறைவதைக் குளிர்பதனப் பெட்டிக்குள்தான் காண முடியும். நீர் நிரப்பி இறுக மூடிய கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் ஓர் இரவு மறந்து வைத்தவர்கள், காலையில் அது விரிசல் கண்டு கிடப்பதைப் பார்த்திருப்பர். குளிர்நாடுகளில் இதே நிகழ்வு வீட்டையும் வாகனத்தையும் பாழாக்கிவிடுகிறது.

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கும். அதற்குக் கீழே விரியத் தொடங்கும். பனிக்கட்டியாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடிவிடும். குழாயின் நடுவே பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே சிக்கிய நீர் போக வழியின்றி நெருக்கப்படுகிறது. அழுத்தம் ஏற ஏற, குழாய் தன் வலுவற்ற இடத்தில் வெடிக்கிறது. ஆகவே, உறைந்த இடம் ஒன்றாகவும் உடைந்த இடம் வேறொன்றாகவும் இருப்பதுண்டு. விரிசல் உடனே வெளிப்படுவதுமில்லை. பனிக்கட்டி உருகிய பின்னர்தான் நீர் பீறிடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது, மின்சாரமின்றி வெப்பமூட்டிகள் நின்றுபோன எண்ணற்ற வீடுகளில் இவ்வாறே குழாய்கள் வெடித்தன. அது வழக்கமாக வெப்பமான மாநிலம்; அங்குள்ள குழாய்கள் அத்தகைய குளிரைக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல.

படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவை அமைந்த கேரவன் வண்டிக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் டொராண்டோ நகரில், சில ஆண்டுகளில் வெப்பநிலை −20 பாகைக்கும் இறங்குகிறது. கோடையில் பயணம் செய்த கேரவன், குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டப்படாமல் வெளியே நிற்கும். மெல்லிய சுவருக்குப் பின்னால் ஓடும் அதன் குழாய்களில் ஒரு குவளை நீர் தங்கினாலும் போதும்.

ஆதலால், முதல் உறைபனிக்கு முன்பே நீரை வெளியேற்றுவர். நன்னீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டிகள் இரண்டையும் வடிப்பது எளிது. நீர்சூடேற்றியில்தான் கவனம் வேண்டும். அதனை அணைத்து, நீர் ஆறும்வரை காத்திருந்து, அழுத்தத்தை நீக்கிய பின்னரே அடியிலுள்ள மூடியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் பாயும். பின்னர், சூடேற்றிக்குள் திரவம் புகாதவாறு வால்வைத் திருப்பிவிட்டு, உறைதடுப்புத் திரவத்தை வண்டியின் பம்பு வழியே செலுத்துவர். திருகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இளஞ்சிவப்புத் திரவம் வரும்வரை ஓடவிடுவர். சுடுநீர்த் திருகு, பூந்தூறல் குழாய், கழிவறை என எதையும் விடலாகாது. கைகழுவும் தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் எப்போதும் நீர் தேங்கியிருக்கும் என்பதால் அதிலும் சிறிது ஊற்றுவர். வண்டியின் வெளிப்புறத்தில் கால் கழுவ வைத்திருக்கும் சிறு குழாய்தான் பலரும் மறப்பது. தொட்டியில் நீர் எஞ்சியிருந்தால் திரவம் நீர்த்து வீரியம் குறையும். முதலில் வடிப்பது அதற்காகவும்தான்.

எந்தத் திரவத்தை ஊற்றுகிறோம் என்பது உயிர் சார்ந்த கேள்வி. குடிநீர்க் குழாய்களுக்கென விற்கப்படும் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கும்; அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. காரின் ரேடியேட்டருக்குப் பயன்படுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிப்புச் சுவையுள்ள அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. காம்பியா நாட்டில் சிறுநீரகம் பழுதுபட்டுச் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, அங்குக் கிடைத்த இருமல் மருந்துகளில் இதுவும் இதன் இனமான டை எத்திலீன் கிளைக்காலும் கலந்திருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது. பெயர்கள் ஒத்திருக்கின்றன, திரவத்தின் நிறத்தை மட்டும் நம்பாமல், புட்டியின் மேலுள்ள குறிப்பை முழுமையாகப் படிக்க வேண்டும்.

வசந்தம் வந்ததும், குழாய்களில் நன்னீரை ஓடவிட்டுத் திரவத்தை முற்றாக அலசுவர். அதன்பின் எல்லாத் திருகுகளையும் மூடிவிட்டுப் பம்பை இயக்குவர். அழுத்தம் நிரம்பியதும் பம்பு தானே நின்றுவிட வேண்டும். எந்தத் திருகும் திறவாதிருக்க அது மீண்டும் மீண்டும் ஓடினால், எங்கோ நீர் கசிகிறது என்று பொருள்; சுவருக்குப் பின்னால் தேடத் தொடங்க வேண்டியதுதான்.