படுதா விழுந்த மறு வாரம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய செய்தி வந்தது. வாட்ஸாப்பில் அவ்வளவு நீளமாக எழுத உன்னால்தான் முடியும். பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து உரக்கப் படித்தாள், நான் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது, துப்பட்டாவைத் தோளில் போட்ட பிறகுதான் போக இடமில்லை என்பது ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே நிறுத்திவிட்டாள். “இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்” என்று போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கட்டைவிரலால் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இந்தத் தாள்.

“இது போனால் இன்னொன்று” என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவதில்லை. நாடகாசிரியர் தன் மகனோடு வெளிநாடு போய்விட்டார், அப்பா வேடம் போட்டவருக்கு இரண்டு மணி நேரம் நிற்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை, சபாக்காரர்கள் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. உங்கள் நாடகம் முடிந்துவிட்டது. வருத்தப்படுவதற்கு இவ்வளவு போதும். அதற்காகக் கூச்சப்படாதே. ஆபீஸ் போய்க்கொண்டே வார இறுதியில் நடிப்பவர்களின் துக்கத்தை யாரும் துக்கமாக மதிப்பதில்லை. சம்பளம் போனால் வந்து விசாரிப்பார்கள், சின்ன மருமகள் வேடம் போனதற்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

எனக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் நடிகன் இல்லை, பக்கவாட்டுத் தட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பிராம்ப்ட் செய்தவன். பாங்க் வேலை முடிந்து, டிபன் டப்பாவோடு நேரே வாணி மகாலுக்கோ நாரத கான சபாவுக்கோ போய், டார்ச் வெளிச்சத்தில் பிரதியைப் புரட்டினவன். எங்கள் நாடகத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அதை ஒரு தடவைகூட முன்னாலிருந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கதாநாயகனின் இடது காதும், மேக்கப் போடாமல் விட்ட பின்கழுத்தும்தான். அப்படிப்பட்டவன் சொல்வதாக நினைத்துக்கொண்டு மீதியைப் படி.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்றே தெரியாமல் போய்விட்டது என்கிறாய். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார், அம்மா கீரை ஆய்கிறாள், உன்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை, அதுவே தாங்கவில்லை. சரி, அந்தக் கூடத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார். உங்கள் செட்டில் இருந்த பிரம்பு நாற்காலி யாருடையது? அந்த டவரா டம்ளர்? மாமியார் வேடக்காரி இரண்டாவது காட்சியில் கட்டிக்கொண்டு வந்த அரக்கு சுங்குடி உன் அம்மாவுடையதுதானே? சபா நாடகத்தை ‘சோபா செட் நாடகம்’ என்று கேலி செய்வார்கள். ஒரு சோபா, ஒரு டெலிபோன், பின்னால் ஒரு ஜன்னல், இரண்டு பக்கமும் வாசல். கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாடகை செட்டை வைத்துக்கொண்டு அதை வீடாகக் காட்ட, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு போனதைக் கேலி செய்தவர்கள் பார்த்ததில்லை. ஒத்திகை நடந்ததும் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில்தான். மேடைக்கு நடுத்தர வர்க்கக் கூடத்தைக் கொண்டுபோய் வைத்ததுதான் அந்த நாடகங்கள் செய்த பெரிய வேலை என்பது என் கட்சி. ஆகவே நீ திரும்பி வந்திருப்பது வேற்றூருக்கு இல்லை.

முதல் காரியமாக, வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொடு. மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, திறக்கப் பயமாக இருக்கிறது என்றாயே, அதைத் திற. டம்ளர் யார் வீட்டுடையதோ அங்கே நீயே கொண்டுபோய்க் கொடு. ஆட்டோவில் அனுப்பாதே. கொடுக்கும் வீட்டில் காபி தருவார்கள், உட்கார்ந்து குடி. குழு கலைந்த பிறகு வாட்ஸாப் குரூப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பிக்கொள்வதைவிட இது நல்ல வழியனுப்பல். உன் வேடத்துக்கான கண்ணாடி வளையலை மட்டும் வைத்துக்கொள், யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்து, அந்த வீடியோ. தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் கடைசி ஷோவைப் போனில் பார்க்கிறாயாம். சில மாதங்களுக்கு நிறுத்திவை. அதைப் பிடித்தவர் அரங்கத்தின் கடைசி வரிசையில் முக்காலியை நிறுத்திப் பிடித்திருக்கிறார். நீ அதில் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அதைவிட முக்கியம், உன் உடம்புக்குத் தெரிந்த நாடகத்தை அந்தப் படம் மெல்ல அழித்துவிடும். நீ மேடையிலிருந்து பார்த்தது முதல் வரிசை முகங்களையும், விளக்குக்குள் பறந்த பூச்சியையும், எதிரே நின்றவரின் கண்ணையும். கொஞ்ச நாளில் அதெல்லாம் போய், கடைசி வரிசை முக்காலி பார்த்தது மட்டும்தான் உன் ஞாபகமாக நிற்கும்.

பார்ப்பதற்குப் பதிலாக எழுது. அனுபவத்தை எழுதச் சொல்லவில்லை, அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். உன் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் எழுது. மாமனார் காபியைக் கீழே வைக்கிற இடத்தில் ‘(திரும்புகிறாள்)’ என்று மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. நீ உடனே திரும்பமாட்டாய். டம்ளர் டவராவில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகு மனசுக்குள் மூன்று எண்ணுவாய், தலையை மட்டும் முதலில் திருப்புவாய். அந்த மூன்று எண்ணிக்கையில்தான் சபை சிரித்தது. சிரிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும், உச்சத்திலேயே பேசினால் வசனம் காதில் விழாது, சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது பிடிக்க வேண்டும். இது எந்த ஆசிரியரும் எழுதாத வரி. எங்கள் காலத்தில் மைக் மேலேயிருந்து தொங்கும், ஆளுக்கொன்று கிடையாது. கோபமாகக் கத்தவேண்டியவர் மைக்குக்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் கோபப்படுவார். என் பிரதியின் ஓரமெல்லாம் “இரண்டடி வலது, பிறகு அழுகை” என்கிற மாதிரிக் குறிப்புகள்தான். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் யார் எங்கே நின்றார்கள் என்று அப்படியே சொல்லிவிடுவேன்.

எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடகத்தில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவற்றில் நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு பங்குதான். அவர் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்கிற செய்தி நமக்குக் கிடைத்ததே, அவருடைய பாலர் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த அவ்வை சண்முகம் பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதியதால். பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டு 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையை நடத்தியவர். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ படித்துப் பார். பெருமைக்குப் படிக்கச் சொல்லவில்லை. ஒத்திகைக்கு ஆள் வராமல் அவர் பட்ட பாட்டைப் படித்தால், உங்கள் குழுவின் தகராறெல்லாம் நூறு வருஷம் பழசு என்று தெரிந்து உனக்கே சிரிப்பு வரும்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் குழுவில் யாராவது “கடைசியாக ஒரே ஒரு ஷோ” என்று ஆரம்பிப்பார்கள். பிரிவுக்கே ஒரு வசூல் உண்டு, கண்ணம்மா. நியூயார்க்கில் மெஜஸ்டிக் தியேட்டரில் 1988 ஜனவரியில் தொடங்கிய ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வை 2023 பிப்ரவரியில் நிறுத்தப்போவதாக அதற்கு முந்தைய செப்டம்பரில் அறிவித்தார்கள். அறிவித்ததும் டிக்கெட் பறக்க ஆரம்பித்தது. முடிவை எட்டு வாரம் தள்ளிவைத்து, ஏப்ரல் 16 அன்றுதான் இறக்கினார்கள். மொத்தம் 13,981 ஆட்டம். அவர்களுக்குக் கணக்கு உண்டு, வாடகை உண்டு, தள்ளினார்கள். முப்பது பேர் வருகிற சபையில் பிரிவு விழாவை மூன்று தடவை நடத்தினால், மூன்றாவது தடவை அழக்கூட ஆள் இருக்காது. உன்னைக் கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு.

ஆனால் வேறு யாராவது அதே நாடகத்தை எடுத்துப் போட்டால்? இதைத்தான் நீ எழுதாமல் எழுதியிருக்கிறாய். “என் வேடத்தை இன்னொருத்தி போடுவதை நினைத்தால் வயிறு எரிகிறது” என்று அடித்துவிட்டு மறுபடி எழுதவில்லை என்று நினைக்கிறேன். எரியட்டும். லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ கொரோனா காலத்தில் மட்டும் நின்று, பிறகு மீண்டும் நடக்கிறது. நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நாள் மேடையில் இருந்ததில் இன்றும் மிஞ்சியிருப்பது கணப்படுப்பு மாடத்தின் மேலிருக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ‘வியட்நாம் வீடு’ சிவாஜி மேடையில் போட்ட நாடகம், 1970இல் படமாகவும் வந்தது. அதில் அவர் போட்ட பிரெஸ்டீஜ் பத்மநாபன் வேடத்தை வேறொருவர் தொட முடியுமா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பல வருஷம் கழித்து ஒய்.ஜி. மகேந்திரன் தொட்டார், ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள், சிவாஜிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நாடகமே வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவன் படும் பாட்டைப் பற்றியதுதான். இப்போது நீ இருக்கிற மனநிலைக்கு அதைப் பார்க்காமல் இருப்பது உத்தமம்.

நாளைக்கு உன் வேடத்தைப் போடப்போகிறவள் போன் செய்தால், அந்தப் பென்சில் குறிப்பைக் கொடு. மூன்று எண்ணுவதைச் சொல்லிக்கொடு. அவள் இரண்டே எண்ணித் திரும்பினால் திருத்தாதே.

மேடைக்குப் பிறகு என்ன என்பதற்குக் கோமல் சுவாமிநாதனையும் சொல்ல வேண்டும். ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. அடுத்த வருஷமே பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார், தேசிய விருது வந்தது. படம் வந்துவிட்டால் மேடையைப் பார்க்க வருகிறவர்கள் குறைவார்கள், இது தமிழ் நாடகத்தின் நிரந்தரச் சாபம். பத்து வருஷம் கழித்து 1991இல் கோமல் ‘சுபமங்களா’ பத்திரிகையின் ஆசிரியராக உட்கார்ந்தார். மேடையில் பேச்சை நடத்தத் தெரிந்தவர் அந்தப் பத்திரிகையின் நீண்ட பேட்டிகளைப் பின்னால் நின்று நடத்தினார் என்றுதான் எனக்குத் தோன்றும். 1995இல் அவர் மறையும்வரை அது நடந்தது. உன்னைப் பத்திரிகை தொடங்கச் சொல்லவில்லை. ஆசிரியர் வேலையும் ஒருவகையில் பிராம்ப்டர் வேலைதான், என் சாதிக்காரர் என்ற பிரியத்தில் எழுதினேன்.

இவ்வளவு எழுதியும் முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. இத்தனை நாள் உனக்கு வீட்டில் வசனம் கொடுத்தது யார்? அடுப்படியில் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் உன் பிரதி. மாமியார் வசனம், மாமனார் வசனம், மூத்த மருமகள் வசனம் எல்லாம் அவள்தானே படித்தாள்? பொங்கலுக்கு நாங்கள் வந்திருந்தபோது பார்த்தேன். பிரதியைப் பார்க்காமலே மாமியாராகப் பேசினாள், அதுவும் மேடையில் பேசியவரைவிட ஒரு பிடி தூக்கலாக. குழம்பு இறக்கும் நேரத்துக்குச் சரியாக உன் பெரிய வசனம் முடியும்படி வைத்திருந்தாள். அந்த நாடகம் உன் அம்மாவுக்கும் போய்விட்டது. அவளுக்குக் கைதட்டலும் இல்லை, கடைசி நாளில் சால்வையும் இல்லை. நீ அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அவள் கூடத்தில் பேசாமல் கீரை ஆய்கிறாள். அந்த அமைதியில் பாதி அவளுடையது.

அவளுக்கு ஆறுதல் சொல்லப் போகாதே, வெட்கப்படுவாள். சமையல் நேரத்தில் சும்மா போய் நின்று உன் வசனத்தில் ஒன்றை எடுத்துவிடு. பதில் வசனம் வருகிறதா பார். வராவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தலைவலி என்று அர்த்தம். பென்சில் குறிப்பு எழுதும்போதும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ மறந்த இடமெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

வேறு குழுவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். கோடை நாடக விழாவுக்குத் தயாராகிறவர்கள் என்றால் அவசரப்படுத்துவார்கள். அவசரத்துக்கு மசியாதே. முழுப் பிரதியையும் கையில் கொடுக்கச் சொல், உன் காட்சியை மட்டும் போனில் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. எத்தனை ஒத்திகை, அதில் முழு ஒத்திகை எத்தனை, மேடையிலேயே ஒன்றாவது உண்டா என்று கேள். ராத்திரி ஷோ முடிந்தால் வீடு சேர்ப்பது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடு, இதைக் கேட்க உன் தலைமுறைக்குக் கூச்சம் வேண்டியதில்லை. கடைசியாக, பிராம்ப்டர் உண்டா என்று கேள். இப்போதெல்லாம் காதுக்குள் கருவி வைத்துக்கொள்கிறோம், பிராம்ப்டர் எதற்கு என்பார்கள். அப்படிச் சொன்னால் எனக்கு ஒரு போன் போடு. ஸ்டூல் அவர்கள் கொடுக்கட்டும், டார்ச் என்னிடம் இருக்கிறது.

பெரியம்மா உன் அம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. வரும்போது பிரதியையும் கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா