உயிரி எரிபொருள் ஆக்கத்தில் தடுப்பான்களைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள்: குப்ரியாவிடஸ் பாசிலென்சிஸ் எச்எம்எஃப்14-ஐ முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வைக்கோல் போன்ற தாவரக் கழிவுகளிலிருந்து எத்தனால் எடுக்கும்போது, சர்க்கரைகளுடன் நொதித்தலைத் தடுக்கும் நச்சுப்பொருள்களும் உருவாகின்றன. அவற்றை மாற்றும் அல்லது சிதைக்கும் ஈஸ்ட், பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றின் செயல்முறைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒரு நுண்ணுயிரியின் தகுதியை, அது நச்சை நீக்கும் விரைவைக் கொண்டு மட்டுமன்றி, சர்க்கரையை விட்டுவைக்கும் இயல்பைக் கொண்டும் மதிப்பிடவேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உயிரி எரிபொருள், தடுப்பான்கள், ஃபர்ஃபியூரல், நுண்ணுயிர்ச் சிதைவு, அறிவியல் தமிழ்.

முன்னுரை

தாவரச் செல்சுவரின் முதன்மைக் கூறுகள் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்னும் மூன்றாகும். முதலிரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த தொடர்கள். நொதிகள் அவற்றை எளிதில் நெருங்க இயலாதவாறு லிக்னின் சூழ்ந்து நிற்கிறது. இக்கட்டைத் தளர்த்துவதற்காக, நீர்த்த அமிலம் சேர்த்து உயர்வெப்பத்தில் பதப்படுத்தும் முறை கையாளப்படுகிறது. சர்க்கரையை விடுவிக்கும் இம்முறையே தடுப்பான்களையும் தோற்றுவிக்கிறது.

தடுப்பான்களின் தோற்றமும் இயல்பும்

ஹெமிசெல்லுலோஸிலிருந்து விடுபடும் சைலோஸ், அமிலச் சூழலில் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபியூரலாக மாறுகிறது. குளுக்கோஸ் அவ்வாறே ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரலாகிறது. ஹெமிசெல்லுலோஸிலுள்ள அசெட்டைல் தொகுதிகள் அசெட்டிக் அமிலத்தையும், லிக்னின் பல்வேறு பீனால் சேர்மங்களையும் தருகின்றன.

ஃபர்ஃபியூரல் என்னும் பெயர் தவிட்டைக் குறிக்கும் ‘ஃபர்ஃபர்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தானிய உறையோடு அதற்குள்ள தொடர்பைப் பெயரே சுட்டுகிறது. 1922-இல் அமெரிக்காவில் ஓட்ஸ் உமியிலிருந்து இதனைப் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். அங்கு விளைபொருளாக விற்கப்பட்ட அதே சேர்மம், எத்தனால் ஆக்கத்தில் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கும் நஞ்சாகிறது.

ஈஸ்ட்: நச்சை மாற்றுதல்

சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட், ஃபர்ஃபியூரலை நச்சுத்தன்மை குறைந்த ஃபர்ஃபியூரைல் ஆல்கஹாலாக ஒடுக்குகிறது. எனினும் இது சிதைவன்று. கரிம வளையம் உடையாமல் அப்படியே எஞ்சுகிறது. இவ்வொடுக்கத்திற்குச் செல்லின் துணைநொதிகள் செலவாகின்றன. நச்சு கணிசமாகக் குறையும்வரை ஈஸ்ட்டின் வளர்ச்சி தாமதமாகிறது. நச்சின் செறிவு மிகுந்தால் நொதித்தல் தொடங்காமலே போகலாம்.

பூஞ்சை: நச்சை உண்ணுதல்

ஃபர்ஃபியூரல் கலந்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கோனியோகீட்டா லிக்னியாரியா என்னும் பூஞ்சையைப் பற்றி ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டனர். இது ஃபர்ஃபியூரல், ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரல் ஆகிய இரண்டையும் உணவாகக் கொள்கிறது. ஆயின் சர்க்கரையிலும் வளரும் இயல்புடையது. ஆகவே நச்சு தீர்ந்தவுடன் அதன் செயலை நிறுத்தவேண்டும். காலம் தாழ்ந்தால் எத்தனாலாக வேண்டிய சர்க்கரை பூஞ்சையின் உடலாகிவிடும்.

பாக்டீரியா: தேர்ந்து உண்ணுதல்

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் விவரித்த குப்ரியாவிடஸ் பாசிலென்சிஸ் எச்எம்எஃப்14 இவ்விடரைத் தவிர்க்கிறது. ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரலை மட்டுமே கரிம உணவாக அளித்து வளர்த்த கலவையிலிருந்து இது பெறப்பட்டது. குளுக்கோஸ், சைலோஸ், அராபினோஸ் ஆகிய மூன்றிலும் இது வளர்வதில்லை. கோதுமை வைக்கோலின் நீராற்பகுப்புக் கரைசலில் இதனை வளர்த்தபோது இரு ஃபர்ஃபியூரல்களும், அசெட்டிக், ஃபார்மிக் அமிலங்களின் உப்புகளும் முற்றிலும் நீங்கின. சர்க்கரை இழப்பு நேரவில்லை.

இச்சிதைவின் வழி படிப்படியானது. ஃபர்ஃபியூரல் முதலில் ஃபியூரோயிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அது துணைநொதி ஏ-யுடன் இணைந்த பின் வளையம் திறந்து, இறுதியில் 2-ஆக்சோகுளூட்டரேட் ஆகிறது. அது கிரப்ஸ் சுழற்சியின் இயல்பான இடைப்பொருள்; ஆதலால் நஞ்சாயிருந்த கரிமம் செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்தில் கலந்துவிடுகிறது. ஃபியூரோயிக் அமிலத்திற்குப் பிந்தைய படிகளை டிரட்ஜில் 1969-இலேயே ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவில் ஆராய்ந்திருந்தார். அவ்வழிக்குரிய மரபணுத் தொகுதிகளை அடையாளம் கண்டதும், அவற்றைச் சூடோமோனாஸ் பியூட்டிடா எஸ்12-க்கு மாற்றி அதற்கும் இத்திறனை அளித்ததும் 2010-ஆம் ஆண்டு ஆய்வின் பங்களிப்பாகும்.

எல்லைகள்

இப்பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவை. எத்தனால் நொதித்தலோ காற்றைத் தவிர்த்து நிகழ்வது. ஆகவே நச்சு நீக்கம் தனிப்படியாக அமையும்போது காற்றோட்டச் செலவும் காலமும் கூடுகின்றன. மேலும், ஒவ்வொரு ஃபர்ஃபியூரல் மூலக்கூறும் முன்னரே இழந்த ஒரு சர்க்கரை மூலக்கூறு; அதனை எந்த நுண்ணுயிரியும் மீட்டுத் தருவதில்லை. பதப்படுத்தும் வெப்பத்தையும் அமிலச் செறிவையும் மட்டுப்படுத்துவது முதற்கடமை. நுண்ணுயிர்ச் சிதைவு அதற்கு அடுத்த நிலையிலேயே இடம்பெறத்தக்கது.

முடிவுரை

ஈஸ்ட் நச்சை உருமாற்றுகிறது. பூஞ்சை நச்சுடன் சர்க்கரையையும் உண்ணக்கூடியது. எச்எம்எஃப்14 நச்சை உண்டு சர்க்கரையை விட்டுவைக்கிறது. உண்ணும் ஆற்றலைப் போலவே உண்ணாமையும் இத்துறையில் ஒரு தகுதி என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. காற்றோட்டச் செலவைக் குறைக்கும் வழி காணப்படும் அளவிலேயே இத்தகுதி ஆலைப் பயன்பாடாக மாறும்.