சொட்டாத கசிவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதி அனுப்பிய பக்கங்களையும் படங்களையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். 1977ஆம் வருஷத்து மார்க் 3 அம்பாசடர்; தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவரின் ஷெட்டில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. டாங்கியிலிருந்து கார்பரேட்டர் வரை பெட்ரோல் லைன் புதிது, பில்டர் புதிது. பேட்டரி எர்த்தைக் கழற்று, பக்கத்தில் பீடி பிடிக்கவிடாதே என்றெல்லாம் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. உன் கடைசி வரிதான் என்னை உட்காரவிடவில்லை. "ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, வேலை சுத்தம்" என்று முடித்திருக்கிறாய்.

சொட்டு எப்படியப்பா வரும்? டாங்கி பின்னால், கீழே கிடக்கிறது. பம்ப் முன்னால், இன்ஜினில், அதைவிட உயரத்தில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே இருக்கிற டயாஃப்ரம் பெட்ரோலை இழுக்கிறது. இழுக்கிற பக்கத்தில் ஹோஸ் வெடித்திருந்தாலும் கிளிப் தளர்ந்திருந்தாலும் வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்துதான் கிடக்கும். ஐடிலிங்கில் வண்டி சமர்த்தாக நிற்கும். பைபாஸில் ஏறி அறுபதைத் தொட்டதும் திணறும். உடனே கார்பரேட்டரைப் பிரிப்பீர்கள், ஜெட்டை ஊதுவீர்கள், பிளக்கை மாற்றுவீர்கள், பாயின்ட்டைத் தேய்ப்பீர்கள். பாதிப் பழைய வண்டிகளின் கார்பரேட்டர் இப்படித்தான் குற்றமில்லாமல் பிரிக்கப்பட்டு, பிரித்த கையால் கெட்டுப்போனது.

பம்புக்கு முன்னால் உள்ள லைனைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காதே. பெட்ரோலை வடித்துவிட்டு, டாங்கிப் பக்க முனையை அடைத்து, பம்ப் பக்க முனையிலிருந்து சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றுக் கொடு. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவு. எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது. கால் மணி நேரத்து வேலை. நீ எடுத்த படங்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

படம் என்றதும் அடுத்த எரிச்சல். பானெட்டைத் திறந்ததும் நேர் எதிரே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே, ஒரு கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பில்டரைத் தொங்கவிட்டிருக்கிறாய். பெட்ரோல் ஓடுவது வண்டிக்காரருக்குத் தெரியட்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறாய். அவர் பார்த்து என்ன செய்யப்போகிறார்? பில்டர் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று ராத்திரி பதினோரு மணிக்கு உனக்கு போன் பண்ணுவார். அந்த மாதிரி பில்டர் பாதி நிறைந்து நிற்பது சகஜம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் உனக்கு விடிந்துவிடும். இந்த இன்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின், அதன் அமைப்பே அப்படி. பம்பைத் தாண்டிய பிறகு லைனில் இருப்பது அழுத்தம். சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டுதான், ஆனாலும் அழுத்தம் அழுத்தம்தான். அங்கே பிளாஸ்டிக்கில் கீறல் விட்டால் பெட்ரோல் எங்கே பீய்ச்சும் என்று உனக்கு வரைந்து காட்ட வேண்டுமா? பேப்பர் பில்டரைப் பம்புக்கு முன்னால் போடாமல் பின்னால் போட்டது சரி. இழுக்கிற பக்கத்தில் நைசான பேப்பரை வைத்தால் பம்ப் திணறும், நம் வெயிலில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகும். ஆனால் தகர உடம்பு பில்டராக வாங்கி, மேனிஃபோல்டை விட்டுத் தள்ளி, மட்கார்டு ஓரம் கிளாம்ப் போட்டு நிறுத்து. அம்புக்குறியைச் சரியாகப் பார்த்திருக்கிறாய், அந்த மட்டும் சந்தோஷம்.

உன் ஆறு பக்கத்திலும் பில்டர் பில்டர் என்று வருகிறது, டாங்கி என்ற சொல் லைன் தொடங்குகிற இடமாக மட்டும் ஒருதரம் வருகிறது. டாங்கி என் பழைய பைத்தியம், பொறுத்துக்கொள். பழைய பில்டரைக் கழற்றினாயே, அதை அறுத்துப் பார்த்தாயா? உள்ளே சிவப்புத் துரு வந்ததா, கறுப்பாகப் பிசின் ஒட்டியிருந்ததா, நம் கரிசல் புழுதியா? மூன்றுக்கும் மூன்று வைத்தியம். துரு என்றால் டாங்கிக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. பிசின் என்றால் பெட்ரோல் நின்று கெட்டிருக்கிறது. புழுதி என்றால் டாங்கி மூடியின் ரப்பர் போய்விட்டது, அல்லது எவனோ திறந்த வாளியிலிருந்து ஊற்றியிருக்கிறான். நீ அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறாய். வருஷக்கணக்காக நின்ற டாங்கியை இறக்காமல் மாட்டிய பில்டர் மூன்று மாதத்தில் அடைக்கும், வேறு வழியே கிடையாது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி மதுரை ரோட்டில் தகரக் கொட்டகை வைத்திருந்தார். அவரிடம் பேப்பர் பில்டரே கிடையாது. பெரிய புனல், அதன் வாயில் ஷாமாய்த் தோல். நனைந்த அந்தத் தோல் பெட்ரோலை விட்டுவிடும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அது கிழிந்த நாட்களில் அவருடைய பழைய மல்லு வேட்டியை நாலாக மடித்துப் போடுவோம். பம்பில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். காலையில் முதல் வேலையாக அதைக் கழற்றி, அடியில் உருண்டு நிற்கிற தண்ணீர் முத்துக்களைப் பார்த்துவிட்டுத்தான் டீக்குப் போவார். "கிண்ணத்தைப் பார்த்தியாலே?" என்பதுதான் எங்களுக்கெல்லாம் காலை வணக்கம். பருத்தி வண்டிகளும் தீப்பெட்டிக் கட்டு ஏற்றின லாரிகளும் போகிற ரோட்டில் அன்றைக்குப் பாதி மண். கோடையில் புழுதி மொத்தமும் கொட்டகைக்குள் வரும். குற்றாலம் சீசனுக்குப் போகிற டாக்சிகள் நடுப்பகலில் மூச்சடைத்து நிற்கும். டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பானைத் தண்ணீரை ஊற்றுவார்கள். அண்ணாச்சிக்கு அதைக் கண்டாலே ஆகாது. லைன் சூட்டோடு ஒட்டிப் போகிற இடத்தை விலக்கிக் கட்டிவிட்டு, துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் காசு வாங்குவார். டீசல் அம்பாசடர் வந்த பிறகு அந்தக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காயலான் கடையில் கூட இப்போது கிடைப்பதில்லை.

ஆனால் அவருக்கு இல்லாத ஒரு தலைவலி உனக்கு உண்டு. நீ அதை ஒரு வரியில் தாண்டியிருக்கிறாய். 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கிய எத்தனால் கலப்பு 2022இல் 10 ஆனது, 2025இல் 20 ஆகிவிட்டது. இன்றைக்கு அநேகமாக எந்தப் பங்கில் போட்டாலும் அதுதான் வருகிறது. உத்தரபாராவில் அந்த வண்டியைச் செய்தவர்கள் இந்தத் திரவத்துக்காக ஒரு ரப்பரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய ஹோஸ் உப்பும், உள்ளிருந்து பொடிப்பொடியாக உதிரும். பம்ப் டயாஃப்ரமும் அப்படியே. டாங்கிச் சுவரில் நாற்பது வருஷமாக ஒட்டியிருந்த பிசினையும் எத்தனால் கரைத்து அனுப்பிவைக்கும். வண்டி நிற்கும்போது காற்றின் ஈரத்தை வேறு குடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் கோவில்பட்டியில் எவ்வளவு ஈரம் என்பது உனக்குத் தெரியும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். லைன் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்.

நீ போட்டிருக்கிற ஹோஸின் மேல் எழுத்து எதுவும் படத்தில் தெரியவில்லை. எழுத்தில்லாத ஹோஸை வாங்காதே. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டது தேடு. அதன் உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். போலி எழுத்தும் வரும் என்பதால் ஒரு விரல் நீளம் வெட்டி, மூடி போட்ட ஜாடியில் பங்க் பெட்ரோலில் ஒரு வாரம் ஊறப்போடு. முன்னும் பின்னும் வெர்னியரால் அளந்து பார். பம்ப் ரிப்பேர் கிட்டுக்கும் இதே பரிசோதனைதான். உத்தரபாரா ஃபாக்டரி 2014 மே மாதம் கதவைச் சாத்திய பிறகு கடைகளில் தூசி தட்டி எடுத்துத் தருகிற கிட் எந்தக் காலத்து ரப்பர் என்று கடைக்காரருக்கே தெரியாது. பல் வைத்த ஸ்குரூ கிளிப் அந்தச் சிறிய ஹோஸைக் கடித்து வெட்டும். வழுவழுப்பான பட்டையும் போல்ட் நட்டும் உள்ள கிளிப் போடு. எத்தனாலில் கலவை லீன் ஆகும் என்பதால் மெயின் ஜெட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு கடிதம்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இப்போது இதைக் கேள். வண்டிக்கு அடியில் நீ வளைத்துப் போட்ட அந்தப் பண்டி பைப்பின் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழைய பைப் போன பாதை மாறவில்லை, ஒரு வளைவிலும் நசுங்கல் இல்லை, ஒவ்வொரு கிளிப்புக்கும் கீழே ரப்பர், வெட்டிய முனைக்குள் பிசிர் இல்லை, ஹோஸ் நழுவாமலிருக்க முனையில் புடைப்பு. இந்தத் தாலுகாவில் இப்படிப் பைப் வளைக்கிற கை இன்னொன்று இல்லை. என் அண்ணாச்சி இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டியின் சாவியை உன்னிடம் கொடுத்திருப்பார். அவரிடமிருந்து நான் அதை வாங்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

டாங்கியை இறக்கிக் கழுவு. பில்டரை இடம் மாற்று. பிறகு சித்திரை வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, இடைசெவல் தாண்டிக் கயத்தாறு வரை ஓட்டிப்போய் நிறுத்து. டீ குடித்துவிட்டு, பானெட் மூடியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணு. ஓடுகிற வண்டியைவிட நின்ற வண்டியில்தான் லைன் அதிகம் கொதிக்கும். இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் துணியைத் தேடாமல், எந்த இடத்தில் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது. அறுத்துப் பார்த்த பில்டரின் படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
உன் ஊர்க்காரப் பெரியவன்