பத்து போனில் எந்த போன்? போட்டியை எடைபோடும் நான்கு கேள்விகள்

காந்திகிராமத்தில் பஸ் ஏறி, போன் வாங்கத் திண்டுக்கல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் 12,000 ரூபாய். கடையில் வரிசையாகப் பத்து பிராண்டுகள். "எதை வேணா எடுங்கண்ணே, எல்லாமே நல்ல கம்பெனிதான்" என்கிறார் கடைக்காரர்.

இத்தனை கம்பெனிகள் மோதினால் நமக்கு லாபம்தானே? ஓரளவு உண்மைதான். ஆனால் பெயர்களை எண்ணினால் மட்டும் போட்டியை அளந்துவிட முடியாது. பட்டா, சான்றிதழ், கேஸ் பதிவு, யுபிஐ என எல்லாமே இன்று போனில்தான் நடக்கிறது. தவறான போனை வாங்கினால் பணத்தோடு சேவையும் போய்விடும். எனவே வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. முதலாளி யார்?

ரெட்மி, போக்கோ இரண்டும் ஷாவ்மி நிறுவனம் கொண்டுவந்த பெயர்கள். ஐக்யூ, விவோவின் பிராண்டு. ரியல்மி 2018-ல் ஒப்போவின் கிளையாகப் பிறந்தது. ஒன்பிளஸ் 2021-ல் ஒப்போவுடன் சேர்ந்தது. பெயர் பலவாக இருக்கலாம், வீடு ஒன்றாக இருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சந்தையில் ஐந்து கம்பெனிகள், ஆளுக்கு 20 சதவீதப் பங்கு. ஒவ்வொரு பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 400 வீதம் ஐந்து முறை, மொத்தம் 2,000. இப்போது அதில் இரண்டு கம்பெனிகளுக்கு முதலாளி ஒருவர்தான் என்று தெரிகிறது. பங்குகள் 40, 20, 20, 20 ஆகிவிடும். அதே கணக்கில் 1,600-உம் 1,200-உம் சேர்ந்து 2,800. ஒரே கம்பெனி மட்டும் இருந்தால் 10,000. எண் ஏற ஏறப் போட்டி குறைகிறது என்று பொருள். வல்லுநர்கள் சந்தையை அளக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. கடை அலமாரியில் எதுவும் மாறவில்லை, கணக்கு மட்டும் மாறிவிட்டது பாருங்கள்.

2. உள்ளே ஓடுவது யாருடையது?

போன் கம்பெனிகள் பல இருந்தாலும், உள்ளே ஓடும் மென்பொருள் பெரும்பாலும் இரண்டுதான்: கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ். கூகுள் தன் செயலிகளை மொத்தமாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியது உட்பட, தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அபராதம் 1,337.76 கோடி ரூபாய். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, சில உத்தரவுகளை மட்டும் நீக்கியது. போட்டி இல்லாத இடத்தில் கேள்வி கேட்கச் சட்டம் இருக்கிறது என்பதே நமக்குப் பாடம்.

3. வெளியே வர முடியுமா?

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். நல்ல பூட்டு என்றால் சாவி வீட்டுக்காரர் கையில் இருக்கணும். போனிலும் அப்படித்தான். போட்டோ, தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள், காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஆகியவற்றை வேறு கம்பெனி போனுக்கு எளிதாக மாற்ற முடியுமா? முடியாவிட்டால் அடுத்த முறையும் அதே கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும். சார்ஜரில் இந்தப் பூட்டு திறந்துவிட்டது. 2023-ல் ஐபோனும் டைப்-சி முனைக்கு மாறியதால், இப்போது ஒரே சார்ஜர் பல கம்பெனி போன்களுக்குப் பொருந்துகிறது.

4. எத்தனை வருஷம் தாங்கும்?

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. சந்தையை ஆண்ட பெயரே எட்டு வருஷத்தில் இங்கே கடையைக் கட்டிவிட்டது. அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும், சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலேயே இருக்கிறதா, பேட்டரியும் டிஸ்பிளேயும் கிடைக்குமா என்று கேளுங்கள். அப்டேட் நின்ற பழைய போன்களில் வங்கிச் செயலிகள் ஒருநாள் வேலை செய்யாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்பது விதி. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது.

இப்போதே செய்து பாருங்கள்

உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், 'அபௌட் போன்' பகுதியில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதியைப் பாருங்கள். சில மாடல்களில் இது 'செக்யூரிட்டி' பகுதியில் இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதில் வங்கிப் பரிவர்த்தனை செய்யும்போது கூடுதல் கவனம் தேவை.

புது போன் வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண், பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் இருந்தால்தான் உங்கள் புகாருக்கு பலம்.

கடைக்காரர் "எல்லாமே நல்ல கம்பெனிதான்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "சரிங்கண்ணே, அப்டேட் எத்தனை வருஷம் வரும்?" பதில் சொல்ல முடிந்த போனை எடுங்கள்.