நல்ல தலையணை, நல்ல தூக்கம்



போன மழைக் காலத்தில் லயம் பார்க்கப் போனபோது கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா சொன்னார்: "ஐயா, எந்தத் தைலம் தடவினாலும் கழுத்து வலி போகல." தலையணையைக் காட்டச் சொன்னேன். இரண்டு தலையணையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தார். "ஒண்ணை எடுத்துட்டுப் படுத்துப் பாருங்கம்மா" என்றேன். இரண்டு கிழமை கழித்து பெரட்டுக் களத்தில் கண்டபோது, "இப்ப பரவாயில்லங்க ஐயா" என்றார்.

பகல் முழுக்கக் கூடைக் கயிறு தலையில் இழுக்கிறது. அந்தக் கழுத்துக்கு இரவில்தான் ஓய்வு. தலையணை சரியில்லை என்றால் அந்த ஓய்வும் இல்லை.

உயரம் எவ்வளவு?

நேராக நிற்கும்போது கழுத்து இருக்கிற மாதிரியே படுக்கும்போதும் இருக்க வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குத் தாழ்ந்த தலையணை போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். ஆகவே கொஞ்சம் உயரம் வேண்டும். குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அந்தப் பழக்கத்தை விடுவது நல்லது.

ஒருக்களித்துப் படுத்து, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கும் நாடியும் நெஞ்சின் நடுவும் ஒரே கோட்டில் இருந்தால் உயரம் சரி.

புதிது வாங்கக் காசு இல்லையா? சுத்தமான பழைய சேலையை வேண்டிய உயரத்துக்கு மடித்து உறைக்குள் போடுங்கள். உயரம் கூடினால் ஒரு மடிப்பைக் குறைக்கலாம்.

ஈரம் ஆகாது

நம் மலையில் மழையும் பனியும் அதிகம். வியர்வை, தலை எண்ணெய், ஈரத் தலை எல்லாம் சேர்ந்தால் தலையணையில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் பெருகும். இழுப்பு உள்ளவர்களுக்கு இவற்றால் இழுப்பு கூடலாம்.

உறையைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். வெயில் கண்ட நாளில் தலையணையை இரண்டு பக்கமும் காய வையுங்கள். இலவம் பஞ்சை நனைக்க வேண்டாம். வெயிலில் போட்டுத் தட்டினால் போதும். கட்டி கட்டியாகிப் போனால், கறுப்புப் புள்ளி விழுந்தால் மாற்றுங்கள். இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்போரம் காய வைக்காதீர்கள். குப்பி விளக்குப் பக்கமும் வைக்காதீர்கள்.

கைப்பிள்ளைக்கு வேண்டாம்

தாய்மாரும் பாட்டிமாரும் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரு வயது ஆகும் வரை பிள்ளைக்குத் தலையணை வைக்கக் கூடாது. தலை உருண்டையாக வரட்டும் என்று சின்னத் தலையணை வைப்பதும், விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை அடுக்குவதும் ஆபத்து. மெத்தென்ற துணியில் மூக்கு அமுங்கினால் பச்சைப்பிள்ளைக்குத் தானாக முகத்தைத் திருப்பத் தெரியாது. மூச்சு முட்டி உயிரே போகலாம். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள்.

தலையணையை மாற்றியும் வலி போகவில்லை, கை மரத்துப் போகிறது, பிடி தளர்கிறது என்றால் தைலம் தடவிக்கொண்டே இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்று இரவு படுக்கப் போகும் முன், வீட்டில் உள்ள தலையணைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.